தோண்டுவதற்கும் கல் கொட்டுவதற்கும் முன் அடியை அளந்து காட்டுங்கள்

திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், நீர்வளத்துறையின் தாமிரபரணி வடிநிலக் கோட்டப் பொறியாளர்களுக்கும், மீன்வளத்துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர்களுக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கொடுக்கிற மனுவுக்குள் இதை அடக்க முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். அணையில் தூர்வார டெண்டர் விடுவதற்கு முன்பும், கடற்கரையில் அரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவுக்குக் கல் கொட்டுவதற்கு முன்பும், அந்த இடத்தில் தண்ணீருக்கு அடியில் இப்போது என்ன கிடக்கிறது என்று அளந்து, அளந்ததை எங்களுக்கும் காட்டுங்கள். பெரிய கப்பலோ பெரிய ஆள்படையோ அதற்கு இன்று தேவையில்லை. ஆளில்லாமல் தானாக ஓடும் சின்னப் படகே போதும்.

நான் ராதாபுரம் வட்டத்துக் கடற்கரைக்காரன். பிழைப்பு, ஆழ அளவை. துறைமுகங்களில் தூர்வாருவதற்கு முன்னும் பின்னும் அடியை அளந்து, எத்தனை கன மீட்டர் மண் வெளியே போனது என்று கணக்குக் கொடுக்கும் வேலை. முன்னளவு, பின்னளவு இரண்டும் இல்லாமல் அங்கே ஒப்பந்தக்காரருக்குப் பில் பாஸ் ஆகாது. நம் ஊர் அணைக்கட்டிலும் குளத்திலும் மட்டும் லாரி நடையை எண்ணிக் கணக்கு எழுதுகிறோம். லாரியில் போனது வண்டலா மணலா, எழுதிய நடையெல்லாம் ஓடிய நடைதானா என்ற சந்தேகம் அப்புறம் எத்தனை விசாரணை வைத்தாலும் தீருவதில்லை. பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் 2015 இல் தொடங்கிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுத் தூர்வாரலில் இந்தச் சண்டை எப்படி நடந்தது என்பதை ஆற்றுப் பாசனக்காரர்கள் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். முன்னளவு ஒன்று ஊரார் கையில் இருந்திருந்தால் பாதிப் பேச்சுக்கு இடமே இருந்திருக்காது.

படகைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை மீட்டர் நீளம் இருக்கும், இரண்டு பேர் தூக்கி இறக்கிவிடலாம். அடியில் எக்கோ சவுண்டர், மேலே செயற்கைக்கோள் வழியாக இடத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் சொல்லும் கருவி, உள்ளே பேட்டரி. கணினியில் கோடு போட்டுக் கொடுத்தால் அந்தக் கோட்டின் மேலேயே போய் வரும். எக்கோ சவுண்டர் எங்கள் பக்க வள்ளக்காரர்களுக்கே பழகிய கருவிதான். ஒலியைக் கீழே விட்டு, எதிரொலி வந்துசேர ஆகும் நேரத்தைப் பார்க்கிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும். 15 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப, ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான் ஆகும். நேர் கீழே ஒரு புள்ளியை மட்டும் அளப்பது சாதாரணக் கருவி. இருபுறமும் விரித்து நூற்றுக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் அளப்பது மல்டிபீம். விலை வித்தியாசம் மிகப் பெரியது. எல்லா இடத்துக்கும் மல்டிபீம்தான் வேண்டும் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். அணைக்குச் சாதாரணக் கருவியே பெரும்பாலும் போதும்.

முதலில் அணை. பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று தினமும் பத்திரிகையில் பார்க்கிறோம். அடிக்கணக்கைத் தண்ணீர்க் கணக்காக மாற்றித் தருவது கொள்ளளவு அட்டவணை. இரண்டு அணைக்கும் முழுக் கொள்ளளவு தலா 5,500 மில்லியன் கன அடியை ஒட்டி எழுதப்பட்டிருக்கிறது. அணையின் தரை எப்படி இருந்தது என்பதை வைத்துத்தான் இந்த அட்டவணை போடப்படும். பாபநாசம் அணை 1940களில் கட்டியது, மணிமுத்தாறு 1958 இல் முடிந்தது. இத்தனை மழைக்காலத்தில் மலை இறக்கிவிட்ட மண் எங்கேயோ போய்த் தங்கியிருக்கிறது. குடத்தின் அடியில் மண் இறுகிக் கிடந்தால் வாய்வரை நிறைந்தாலும் தண்ணீர் குறைவுதான் என்பது வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். இடைப்பட்ட காலத்தில் அளவை எடுத்திருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். அது எந்த அலமாரியில் இருந்தாலும் எங்கள் கண்ணில் பட்டதில்லை.

கார் சாகுபடிக்கு எத்தனை நாள் தண்ணீர் விடலாம் என்ற கணக்கோடு இது முடிந்துவிடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆற்றில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் ஓடியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று, பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே கிடந்தார்கள். அந்த மாதிரி இரவில் மதகை எப்போது, எவ்வளவு திறப்பது என்று முடிவெடுக்கும் பொறியாளருக்குக் கையில் இருப்பது நீர்மட்டமும் இந்த அட்டவணையும்தான். அணையில் இன்னும் இவ்வளவு இடம் இருக்கிறது என்று அட்டவணை சொல்லி, உண்மையில் அவ்வளவு இடம் இல்லாவிட்டால், அவர் நினைத்த நேரத்துக்கு முன்பே அணை நிறைந்துவிடும். அவரைக் குறை சொல்ல முடியுமா? 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் ஆற்றங்கரையில் இன்றும் இருக்கிறார்கள். ராத்திரியில் அணைத் தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது.

இன்னொன்று. வண்டல் முழுக்க அணைச் சுவரடியில்தான் சேரும் என்று பலர் நினைக்கிறார்கள். கனமான மணலும் கூழாங்கல்லும் ஆறு அணைக்குள் நுழைகிற தலைப்பகுதியிலேயே நின்றுவிடும். மெல்லிய சேறுதான் சுவர்வரை மிதந்து வரும். அதனால் லாரி இறங்க வசதியான கரையில் தோண்டிவிட்டு இத்தனை யூனிட் எடுத்தோம் என்று சொல்வதற்கும், அணையில் உண்மையிலேயே தண்ணீர் நிற்கும் இடம் கூடுவதற்கும் சம்பந்தம் இல்லாமல் போகலாம். எங்கே கிடக்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே தோண்டலாம், தோண்டுவதே லாபமா என்று பேச முடியும். ஒருவேளை அளந்து பார்த்தால் நாம் பயந்த அளவு மண் இல்லை என்றுகூட வரலாம். வரட்டுமே, தூர்வாரும் செலவு மிச்சம்.

புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற அணைகள் என்பதால் வனத்துறை அனுமதி வேண்டும் என்பது தெரியும். புகைவிடும் எஞ்சின் படகும் பத்து ஆளும் போவதைவிட, சத்தமில்லாத பேட்டரிப் படகும் கரையில் நிற்கும் இரண்டு ஆளும் அவர்களுக்கும் தொந்தரவு குறைவு.

சரி, ஆற்றுக்கு வருவோம். பாபநாசத்திலிருந்து தெளிவாக இறங்குகிற தண்ணீர் நம் மாநகரத்தைத் தாண்டும்போது என்ன ஆகிறது என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் 2024 நவம்பரில் நேரிலேயே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் சொல்ல வந்தது அளக்கிற நேரத்தைப் பற்றி.

தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் 30 டிகிரி வெப்பத்தில் நல்ல நிலையில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் வரை இருக்கும். குளிக்கத் தகுந்த ஆறு என்று சொல்ல 5 மில்லிகிராமாவது வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. இந்த ஆக்சிஜன் நாள் முழுக்க ஒரே அளவில் நிற்பதில்லை. பாசியும் நீருக்குள் வளரும் செடியும் பகல் வெயிலில் ஆக்சிஜனை விடும், இரவில் அவையே இழுத்துக்கொள்ளும். கழிவு சேர்ந்த இடத்தில் நுண்ணுயிர்கள் இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கும். அமலைச் செடி, அதாவது ஆகாயத்தாமரை, மூடிய இடத்தில் வெளிச்சமும் காற்றும்கூடக் கிடையாது. ஆக, ஆறு மூச்சுத் திணறுவது விடிவதற்குச் சற்று முன்னால். ஜீப்பில் பதினொரு மணிக்கு வந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் ஆறு பாஸ் ஆகிவிடும். மீன் செத்து மிதப்பது மட்டும் காலையில் துணி துவைக்க வருகிறவர்களுக்குத் தெரியும்.

அதனால் பாலத்துக் காலில் கட்டிவைத்து, கால் மணிக்கு ஒருமுறை ஆக்சிஜன், மின்கடத்துதிறன், கலங்கல், அமிலத்தன்மை, வெப்பம் ஆகியவற்றை எழுதுகிற சென்சார் வேண்டும். சுலோசன முதலியார் பாலத்தடியில் ஒன்று, ஊருக்கு மேலே சுத்தமல்லி அணைக்கட்டுப் பக்கம் ஒன்று என்று வைத்தால் ஊருக்குள் நுழையும் தண்ணீரையும் ஊருக்குள் ஓடும் தண்ணீரையும் ஒப்பிட்டுவிடலாம். நேரத்தைச் சொல்ல நிலையான சென்சார், இடத்தைச் சொல்லப் படகு. கருப்பந்துறையிலிருந்து வண்ணார்பேட்டை வரை கரையை ஒட்டி மின்கடத்துதிறன் சென்சாரோடு ஒரு நடை ஓட்டினால் போதும். தண்ணீரில் உப்பு கூடினால் மின்கடத்துதிறனும் கூடும். மலைத் தண்ணீரில் உப்பு குறைவு, சாக்கடையில் அதிகம். கழிவு சேருமிடத்தில் எண் குபீரென்று ஏறும். கழிவுக் குழாய் தண்ணீருக்கு மேலே இருந்தாலும் சரி, அமலைக்கு அடியில் ஒளிந்திருந்தாலும் சரி, மாட்டிக்கொள்ளும்.

இதற்கும் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கோலிஃபார்ம் கிருமி எத்தனை என்று எந்த மிதவை சென்சாரும் நம்பகமாகச் சொல்லாது. அதற்கு ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று பார்க்கும் பிஓடி சோதனைக்கு நாள்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டும். ஆகவே சென்சார் வந்துவிட்டது, இனிப் பாட்டில் வேண்டாம் என்று ஆய்வகச் செலவை வெட்டிவிடாதீர்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில் பாட்டில் பிடிக்க வேண்டும் என்று சென்சார் சொல்லட்டும். அப்புறம் ஆற்றில் பாறையும் அமலையும் இருக்கும்வரை புரொபெல்லர் சுற்றிக்கொள்ளும். கோடையில் முழங்கால் தண்ணீரில் படகே ஓடாது. சென்சார் முகத்தில் இரண்டு மூன்று வாரத்தில் வழுவழுவென்று பாசி ஏறிவிடும், துடைக்க ஆள் வேண்டும். துடைக்காத சென்சார் எண்ணைக் காட்டத்தான் செய்யும், ஆனால் அது பாசியின் எண். வாங்கும் விலையோடு பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கவில்லை என்றால், தயவுசெய்து வாங்கவே வேண்டாம். அரசு அலுவலகங்களில் பெட்டி பிரிக்காத கருவிகள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

இனி எங்கள் கடல். கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி என்று நீளும் நம் மாவட்டக் கரை சின்னதுதான். ஆனால் ஆனி, ஆடிக் கச்சான் காற்றில் கடல் ஏறி வரும்போது ஒவ்வோர் ஊரும் வள்ளத்தைத் தெருவுக்கு இழுத்துவைக்க வேண்டியிருக்கிறது. தூண்டில் வளைவு வேண்டும் என்று ஊர் ஊராகப் போராட்டம் நடக்கிறது. அந்தக் கோரிக்கையை நான் எதிர்க்கவில்லை. எங்கள் ஊரும் கேட்கிறது. ஆனால் கல் போட்டால் கரையோடு நகரும் மணல் ஒரு பக்கம் தேங்கும், மறு பக்கம் அரிக்கும். ஓர் ஊர் தப்பினால் அடுத்த ஊர் அடுத்த ஆண்டு மறியலுக்கு உட்காரும். மணல் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று தெரிய, மாசி, பங்குனியில் கடல் படிந்திருக்கும்போது ஒருமுறையும், கச்சான் ஓய்ந்த பிறகு ஒருமுறையும் கரையோர அடியை அளக்க வேண்டும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் மணலின் நடை தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வளைவின் நீளத்தையும் சாய்வையும் முடிவு செய்யலாம்.

பெரிய அளவைக் கப்பல்கள் ஐந்து மீட்டர் ஆழத்துக்குள் வரமாட்டா. அதனால் உலகம் முழுக்கவே கடல் வரைபடத்தில் மெலிந்த இடம் கரையை ஒட்டிய இந்தப் பட்டைதான். அலை உடைவதும், வள்ளம் கவிழ்வதும், காற்றில்லாமலே திடீரென்று கள்ளக்கடல் கரையேறுவதும் இதே பட்டையில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் கள்ளக்கடல் எச்சரிக்கை தருகிறது, நல்ல காரியம். எந்த ஊரில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று அதைத் துல்லியமாக்க, கரையடியின் சரிவு தெரிந்திருக்க வேண்டும். ஐந்து மீட்டர் ஆழத்தில் மல்டிபீம்கூட ஒரு நடைக்குப் பதினைந்து இருபது மீட்டர் அகலத்தைத்தான் பார்க்கும். நூற்றுக்கணக்கான நடை ஓட வேண்டிய சலிப்பான வேலை அது. மனிதனை அலையில் அலைக்கழிப்பதற்குப் பதிலாக எந்திரத்தை ஓடவிடுவதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. முகத்துவாரப் பக்கம் அளக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். மேலே நன்னீர், கீழே உப்புநீர் என்று இருந்தால் ஒலியின் வேகம் மாறும். அதைத் திருத்தாவிட்டால் பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு சாணளவு பிசகும். கல் கொட்டும் கணக்கில் ஒரு சாண் என்பது சின்னத் தொகை இல்லை.

பாறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு நீராவி உற்பத்திக்கலன்களை ஏற்றிவந்த மிதவை, இழுகயிறு அறுந்து பாறைக்கிடையில் சிக்கிக்கொண்டது. கயிறு அறுந்ததுதான் காரணம், வரைபடக் கோளாறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கரையில் எத்தனை பாறை தலையைக் காட்டாமல் படுத்திருக்கிறது என்று ஊருக்கே நினைவுபடுத்திய சம்பவம் அது. அதே நிலையம் கடல்நீரை எடுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொண்டு, அந்த நீரைச் சூடாகத் திரும்ப விடுகிறது. இரண்டு அலகு ஓடுகிறது, இன்னும் நான்கு கட்டுகிறார்கள். மீன் ஒதுங்கிப் போவதற்கு அதுதான் காரணம் என்று ஒரு பேச்சு, இல்லை என்று ஒரு பேச்சு. நிலையத்தார் தாங்களே அளந்து தாங்களே சரி என்று சொன்னால் இடிந்தகரையில் நம்பமாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். வெப்ப சென்சாரோடு படகு வாரம் ஒருமுறை ஓடட்டும். கரையில் நின்று ஓட்டுகிற இரண்டு பேரில் ஒருவர் அந்த ஊர்ப் பிள்ளையாக இருக்கட்டும்.

இங்கே என் கோரிக்கையில் ஒரு முடிச்சு இருக்கிறது. அணை அளவையும் ஆற்று அளவையும் அன்றன்றே எல்லோருக்கும் காட்டுங்கள் என்கிறேன். கடலடிப் படத்தை அப்படியே எல்லோருக்கும் விரித்துவைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பெரியவர்கள் கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் மலை முகட்டையும் கணியம் பார்த்து, பாகக் கணக்கில் கயிறு விட்டு, தலைமுறை தலைமுறையாகக் கண்டுபிடித்து வைத்த பார்கள், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகள், அடியில் இருக்கின்றன. மீன் அடைவது அந்தப் பாரில்தான். சில பார் ஒரு குடும்பத்துக்கு மட்டுமே தெரியும். படம் போட்டுக் கொடுத்தால் முதலில் எடுத்துப் பார்ப்பவன் இழுவைமடி விசைப்படகுக்காரன்தானே என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வேறு ஊர் விசைப்படகு ஒரே இரவில் பாரை அரைத்துவிட்டுப் போய்விடும். இது போதாதென்று கரையோர ஆழ அளவைக்குப் பாதுகாப்பு அனுமதியும் உண்டு. டேராடூனில் உள்ள கடற்படை நீர்வரைவியல் அலுவலகத்தைக் கேட்காமல் எதையும் வெளியிட முடியாது.

எனக்குத் தோன்றும் வழி இது. கரையிலிருந்து ஐந்தாறு மீட்டர் ஆழம் வரையிலான படம், அதாவது தூண்டில் வளைவுக்கும் கள்ளக்கடலுக்கும் தேவையான பகுதி, அனுமதி வாங்கி வெளிப்படையாக இருக்கட்டும். அதற்கு அப்பால் பார் இருக்கிற பகுதியை ஊர்க் கமிட்டியின் சம்மதம் இல்லாமல் அளக்க வேண்டாம், அளந்தாலும் அந்தப் படம் அவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியே போக வேண்டாம். அளக்கச் சம்மதித்தால் ஒரு லாபம் உண்டு: பார் எங்கே இருக்கிறது என்று சட்டப்படி பதிவானால்தான் அங்கே இழுவைமடி போட்டவனைப் பிடிக்கக் கையில் ஆதாரம் இருக்கும். அதை நீங்கள் ஊருக்கு வந்து உட்கார்ந்து பேசிப் புரியவைக்க வேண்டும். அதிகாரி மேடையிலும் மக்கள் தரையிலும் உட்கார்கிற கூட்டத்தில் அது நடக்காது.

நம்மூருக்கு இதெல்லாம் அதிகப்படி என்று யாராவது சொல்லலாம். உலகக் கடலடி முழுவதையும் 2030க்குள் வரைந்துவிடும் முயற்சி 2017 இல் தொடங்கியபோது 6 விழுக்காடுதான் வரைந்திருந்தது, 2025 ஜூனில் 27.3 ஆகியிருக்கிறது. 2022 இல் டோங்கா எரிமலை கடலுக்கடியில் வெடித்த பிறகு அதன் வாயை அளந்தது 12 மீட்டர் நீள ஆளில்லாப் படகு. ஓட்டியவர்கள் இருந்தது இங்கிலாந்தின் எசெக்ஸில். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2024 அக்டோபரில் மும்பையிலிருந்து ஆளில்லாப் படகு ஒன்றைக் கொடியசைத்து அனுப்பினார்கள், 1,500 கிலோமீட்டர். போய்ச்சேர வேண்டிய துறைமுகம் எது தெரியுமா? பக்கத்துத் தூத்துக்குடி.

ஆளுக்கும் பஞ்சமில்லை. நெல்லையில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குக் கடல் அறிவியல் மையம் இருக்கிறது, தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, சென்னை பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. கடற்கரை ஊர்களில் டிப்ளமோ முடித்துவிட்டு வளைகுடா விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஊருக்குப் பத்துப் பேராவது கிடைப்பார்கள். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கணினியில் கோடு போடவும் அளவைத் திருத்தவும்தான் கற்றுத்தர வேண்டும். அதை நான் சம்பளம் வாங்காமல் செய்யத் தயார்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து மணிமுத்தாறு நிறைந்திருக்கும் தை மாதத்தில் முதல் அளவையைத் தொடங்கலாம். நிறைந்த அணையில்தான் படகு கரைவரை போகும், அளவும் முழுதாகக் கிடைக்கும். படகை வாங்கக்கூட வேண்டாம், முதல் தடவைக்கு வாடகைக்கு எடுங்கள். அளந்து முடித்ததும் பழைய கொள்ளளவு அட்டவணையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அணை வாசலில் உள்ள தகவல் பலகையிலும் மாவட்ட இணையதளத்திலும் போடுங்கள். அதுவரை மணிமுத்தாற்றிலோ பாபநாசத்திலோ தூர்வார டெண்டர் எதுவும் விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கடற்கரை ஊர்க் கமிட்டிகளோடு பேச நாள் குறித்தால், ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள். அன்று எங்கள் ஊரில் கடலுக்குப் போகமாட்டார்கள், பூசை முடிந்ததும் எல்லோரும் கரையிலேயே இருப்பார்கள்.

இப்படிக்கு,
ராதாபுரம் வட்டக் கடற்கரையைச் சேர்ந்த ஓர் ஆழ அளவையாளன்